கூடுதலாக ஒரு சுற்று

பத்துப் பேரை எண்ணிவிட்டான் அறிவரசன். பதினோராவது ஆளைக் காணோம்.

விமானி அறையின் இடப்பக்கக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பின்னால் பார்த்தால் வால்பக்கத்துப் படிக்கட்டு பாதி தெரியும். காலை பத்து மணிக்கே திருச்சி விமான நிலையத்தின் தரை தகித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் அவனுடைய அம்மா ரெங்கம்மாளும் அவளோடு வயல் வேலைக்குப் போகும் ஒன்பது பெண்களும் புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றார்கள். நடங்கம்மா, நடங்கம்மா என்று கெஞ்சிய ஊழியரை ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. அம்மா விமானத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். ஊழியர் பதறிப்போய்த் தடுத்தார். கொளஞ்சி அத்தை மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சேர்ந்து நாற்று நடப் போகும் அந்த நடவு செட்டுக்கே தலைவி அவள். எங்கே போனாலும் முதல் ஆளாகக் காலை வைக்கிறவள், இறங்குவதிலா பின்தங்குவாள்?

"கொளஞ்சி அத்தை இன்னும் எறங்கல போலிருக்கே" என்றான், பொதுவாக.

வலது சீட்டில் பிரவீணா இருந்தாள். அவள் துணை விமானி, வயது இருபத்தாறு. செக்லிஸ்ட் அட்டையை எடுத்த இடத்தில் வைக்க இரண்டு முறை முயன்றாள். இருபது நிமிடத்துக்கு முன்னால் அவள் கைதான் விமானத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பைலட் என்றால் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவன், வெளிநாட்டு ஓட்டலில் தூங்குகிறவன் என்று. அறிவரசன் பதினைந்து வருடமாகப் பார்த்த தொழில் வேறு. மூன்று மணிக்கு அலாரம். கண் எரிய எரிய முகச்சவரம். விமான நிலையத்துக்குப் போனதும் கேமரா முன்னால் நின்று குழாயில் ஊத வேண்டும். குடிக்கவில்லை என்று தினமும் நிரூபிக்க வேண்டும். அப்புறம் காற்று எந்தப் பக்கம், எரிபொருள் எவ்வளவு, எந்த விளக்கு எரியவில்லை என்று தாள் தாளாகக் கையெழுத்து. ஒரே சாப்பாட்டை இரண்டு விமானிகளும் சாப்பிடக் கூடாது. ஒருத்தருக்கு வயிறு கெட்டால் இன்னொருத்தராவது தேற வேண்டும் என்று ஏற்பாடு. ஆகவே அவள் இட்லி என்றால் இவனுக்குக் காய்ந்த ரொட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்கிற பொம்மை விமானத்தில் உட்காரவைத்துப் பரீட்சை வைப்பார்கள். தேறாவிட்டால் நாற்பது வயது ஆளையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெளியே நிறுத்துவார்கள். பஸ் ஓட்டுகிற வேலைதான், கொஞ்சம் உயரத்தில். இதை அவன் ஊரில் சொல்லிப் பார்த்திருக்கிறான், யாரும் நம்பவில்லை.

அவன் கேப்டன் மட்டுமல்ல, பயிற்சி கொடுக்கிறவனும்கூட. புதிதாக வருகிற துணை விமானிகளுக்கு வகுப்பெடுப்பான். அந்த வகுப்பில் தவறாமல் ஒன்று சொல்வான்: "கேப்டன் பெரியவர்தான். ஆனா தரை அதவிடப் பெருசு. இறங்குறப்ப ஏதாவது கோணலா இருந்தா சொல்லு. ஒரு தடவ சொல்லு. கேக்கலன்னா ரெண்டாவது தடவ சொல்லு. அப்பவும் கேக்கலன்னா கையத் தட்டிவிட்டுட்டு நீயே வாங்கு. நானா இருந்தாலும் வாங்கு." பிள்ளைகள் சிரிப்பார்கள். போன வருடம் அந்த வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டவள் பிரவீணா.

அன்றைய பயணம் பழைய வாக்கு. அவன் அரசாங்க ஸ்காலர்ஷிப்பில் பறக்கப் படிக்கப் போன வருடம், வாலிகண்டபுரம் காலனியில் நடவு செட்டுப் பெண்கள் எல்லாம் சேர்ந்து வழியனுப்ப வந்தார்கள். கொளஞ்சி அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏரோப்ளேன் ஓட்டப் போறியே, எங்கள ஒருநாளு ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டுவியாடா?" என்று கேட்டாள். காட்டுவேன் என்றான். சொல்லிப் பதினெட்டு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அவள் கேட்காமல் விட்டதில்லை. கடைசியில் இந்த மாதம் பதினோரு பேரும் அரியலூரில் ரயிலேறிச் சென்னைக்கு வந்து, அவன் வீட்டுக் கூடத்தில் பாய்விரித்துப் படுத்து, மறுநாள் காலையில் அவன் ஓட்டுகிற விமானத்திலேயே திருச்சிக்குத் திரும்புவது என்று ஏற்பாடு. எழுபது பேர் உட்காரும், இறக்கையில் விசிறி சுழலும் விமானம். இறங்கினால் அடுத்த நாள் காலைவரை அவனுக்கும் பிரவீணாவுக்கும் திருச்சியில் ஓய்வு.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துக்குள் நுழையும்போதுதான் அவன் புத்தி கெட்டது. வாலிகண்டபுரத்துக்கு நெடுந்தூரம் முன்பாகவே விமானத்தை இறக்கத் தொடங்க வேண்டும். அவன் மைக்கை எடுத்தான். "நம்ம ஊரு ஆளுங்க எல்லாரும் இடது பக்கம் பாருங்க. நீளமா போறது திருச்சி ரோடு. அதுக்குப் பக்கத்துல ஏரி. ஏரிக்கு இந்தாண்ட சிவன் கோயில் கோபுரம். கொளஞ்சி அத்தை, ஒங்க வூடு தெரியுதா?" பின்னால் எழுந்த ஆரவாரம் பூட்டிய கதவைத் தாண்டிக் கேட்டது. அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

"சார், டிசென்ட்" என்றாள் பிரவீணா. இறங்க வேண்டும் என்று அர்த்தம். அவன் ஒரு விரலைக் காட்டினான். ஒரு நிமிடம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் பார்க்கட்டும் என்று விமானத்தை லேசாகச் சாய்த்தான். அந்த ஒரு நிமிடம் மூன்று நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஊரும் போய்விட்டது, பெரம்பலூரும் போய்விட்டது, இறங்குவதற்கு இருந்த தூரமும் போய்விட்டது. அப்புறம் அவசர அவசரமாக மூக்கைக் கவிழ்த்தான். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தபோது உயரமும் அதிகம், வேகமும் அதிகம்.

ஆயிரம் அடியில் பிரவீணா சொன்னாள்: "அன்ஸ்டேபிள். கோ அரவுண்ட்." இது சரியில்லை, இறக்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்பது அதற்குப் பொருள். அவமானம் ஒன்றும் இல்லாத, தினமும் எங்கோ ஒரு விமானி செய்கிற காரியம். அவன் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற காரியம். ஆனால் பின்னால் அம்மா இருக்கிறாள். ஊர் இருக்கிறது. "கன்டினியூ" என்றான். ஐந்நூறு அடியில் மறுபடி சொன்னாள். "கரெக்ட் பண்ணிட்டிருக்கேன்ல" என்று சீறினான். அதற்கு மேல் அவள் அவனைக் கேட்கவில்லை. "ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்", இனி விமானம் என் கையில் என்று சொல்லிவிட்டு ஓட்டும் பிடியில் கையை வைத்தாள். எஞ்சின் அலறியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்னால் யாரோ வீறிட்டார்கள்.

அவன் கையை எடுத்துவிட்டான். எடுக்கத்தான் வேண்டும். எடுத்த கணத்தில் அவனுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பிரவீணா ஜெயங்கொண்டத்துக்காரி; உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காடும் வயலும் வைத்திருக்கும் குடும்பம். அவன் அம்மாவும் நடவு செட்டும் கூலிக்கு இறங்குவது அப்படிப்பட்டவர்களின் வயலில்தான். 'நிலக்காரி புத்தியைக் காட்டிவிட்டாளே' என்று ஓடியது. அந்தப் பெண் ஒருநாள்கூட அப்படி நடந்ததில்லை. 'நம்ம ஊரு சார்' என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள். தப்பு செய்தவன் இவன்; பழியைப் போடத் தேடிப் பிடித்தது அவள் பிறப்பை. அதை நினைத்து அவனுக்குக் காது மடல் சுட்டது. ஆயிரத்தைந்நூறு அடிக்கு ஏறியதும் அவள் மரியாதையாக, "சார், யூ ஹேவ் கண்ட்ரோல்ஸ்" என்று விமானத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது முறை அவன் பூப்போல இறக்கினான். பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்போது, வெளியே பத்துப் பெண்கள் நின்றுகொண்டிருக்க, அவன் தொண்டையைச் செருமினான்.

"ரிப்போர்ட் போடணும்ல."

"ஆமா சார். அஞ்சு மணிக்குள்ள."

"காத்து திடீர்னு மாறுச்சுன்னு போட்டுரலாம். கேப்டன் கோ அரவுண்ட் பண்ணாருன்னு முடிச்சிரு. கண்ட்ரோல் கைமாறினதெல்லாம் வேணாம்."

வேகமும் உயரமும் கருவியில் பதிந்திருக்கும், அதற்குக் காற்று என்று சொல்லித் தப்பிக்கலாம். பேசிய பேச்சு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் பதிவாகியிருக்கும்; அடுத்த குழு இதே விமானத்தைச் சென்னைக்கும் திரும்பவும் ஓட்டினால் அதன் மேலேயே அவர்கள் பேச்சு ஏறிவிடும். அப்புறம் இரண்டு பேர் நெஞ்சில் இருப்பதுதான் சாட்சி. பிரவீணா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சார்" என்றாள், திரும்பாமலே.

தொப்பியை மாட்டிக்கொண்டு அவன் கதவைத் திறந்தான். இந்த விமானத்துக்கு வாசல் பின்னால். முன்னாலிருந்து கடைசிவரை நடந்துதான் ஆக வேண்டும். பன்னிரண்டாவது வரிசையில் ஜன்னலோரமாகக் கொளஞ்சி அத்தை உட்கார்ந்திருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் புதுப்புடவை. பணிப்பெண் மஞ்சு ஒரு போர்வையை விரித்து அவள் மடியை மூடிக்கொண்டிருந்தாள். சீட்டுக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. அவன் பார்த்துவிட்டான். வயல் வரப்பில் சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிற பொம்பளை, யாருக்கும் பணியாதவள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க போங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் மஞ்சு மெதுவாக.

அவன் போனான். அத்தை என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். பையிலிருந்து போனை எடுத்து, அதில் ஏதோ முக்கியமாக வந்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டே அந்த வரிசையைத் தாண்டினான். போன் அணைத்து வைத்தபடியே இருந்தது.

எல்லாரையும் ஊருக்குக் கூட்டிப்போக வந்த வேனில் ஏறுவதற்கு முன்னால் கொளஞ்சி அவனைத் தேடி வந்தாள். மஞ்சு எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்த நைட்டி ஒன்றை உடுத்தியிருந்தாள். ஈரப்புடவை பிளாஸ்டிக் பையில் கையில் இருந்தது. அவளை நைட்டியில் அவன் பார்த்ததே இல்லை. ஆள் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"தம்பி" என்றாள். எப்போதும் வாடா போடாதான். "ஒன் ஏரோப்ளேன அசிங்கம் பண்ணிட்டேன். ஒனக்கு ஆபீஸ்ல ஏதும் சொல்லிற மாட்டாங்கல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லத்தை. விடுங்க."

"திடீர்னு மேல தூக்கவும், செத்தோம்னு நெனச்சுட்டேன். மத்தவளுவ எல்லாம் தைரியமாத்தான் இருந்தாளுவ. எனக்குத்தான் இந்தக் கேடு."

இதுதான் இடம். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு என்னுது அத்தை, நீங்க பயந்ததுதான் நியாயம் என்று. வாய்வரை வந்தது. "வெயில்ல நிக்காதீங்க, ஏறுங்க" என்று சொன்னான்.

சமயபுரம் தாண்டுவதற்குள் வேனில் கதை உருவாகிவிட்டது. ஆரம்பித்தவள் கண்ணகி. நடவு செட்டில் வாய் அவள்தான். "எறங்குற மாதிரி எறங்கி, பொசுக்குனு மேல தூக்கிட்டுப் போனான் பாரு, ஏன் தெரியுமா? நமக்காவத்தான். அன்னைக்குக் கொளஞ்சி கேட்டாள்ல, ஒரு சுத்து சுத்திக் காட்டுடான்னு. எறங்கிட்டா முடிஞ்சுபோச்சே, இன்னொரு சுத்து காட்டுவோம்னு காட்டிருக்கான். ஏன் அறிவு, அப்படித்தான?"

டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் திரும்பிப் பார்த்தான். பத்து முகமும் அவனையே பார்த்தன. அவன் சிரித்தான். அவ்வளவுதான் செய்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

ரெங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். கடைசி சீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "எம் மவன் ஆசை ஆசையா ஒரு சுத்து கூடச் சுத்திக் காட்டுறான். அதுல போயி இப்படிப் பண்ணி வச்சிட்டியே கொளஞ்சி. அந்த ஏரோப்ளேன் புள்ளைவ எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு நின்னுச்சுவ. எம் மவன் மொகத்துல எப்படி முழிப்ப?"

கொளஞ்சி பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் ரெங்கம்மாளின் ஏழு தலைமுறையை இழுத்திருப்பாள். கண்ணகி விடாமல், "வானத்துல மழ பேஞ்சிருக்குடி, சீட்டு நனைஞ்சுபோச்சு" என்றாள். வேன் குலுங்கச் சிரித்தார்கள். பாடாலூர் வந்தபோது அவளுக்கு மழைக்கொளஞ்சி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அந்த ஊரில் பெயர் வைத்தால் வைத்ததுதான். அரியமுத்து என்று ஒருவர், கல்யாணமான புதிதில் ரயிலில் தூங்கிப்போய் அரியலூரை விட்டுவிட்டு லால்குடியில் இறங்கியவர். முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவர் லால்குடிதான், அவர் சம்சாரம் லால்குடியார் பொண்டாட்டிதான், பேரப்பிள்ளை வகுப்பில் லால்குடி. அறுபத்திரண்டு வயதுக்கு மேல் கொளஞ்சி இந்தப் பெயரோடு நடவுக்குப் போக வேண்டும், ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும், ஒருநாள் செத்தும் போக வேண்டும். அறிவரசன் முன்னால் ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். இப்போது திரும்பிச் சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு மேம்பாலத்திலும் நினைத்தான். பெரம்பலூர் நான்கு ரோடும் தாண்டிவிட்டது.

காலனி முகப்பில் அவனை வரவேற்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் அவன் முகத்துக்குப் பின்னால் அவன் ஓட்டவே ஓட்டாத நான்கு எஞ்சின் விமானம் ஒன்று பறந்தது. சமுதாயக் கூடத்தில் கறிச்சோறு. சாயங்காலம் நான்கரைக்கு அதே இடத்தில் பாராட்டு விழா, வார்டு மெம்பர் வேணுகோபால் ஏற்பாடு. இலை போட்டபோது பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்தார்கள். கூடத்துக்கு நேர் எதிரே கொளஞ்சியின் தொகுப்பு வீடு. பச்சைத் தகரக் கதவு சாத்தியிருந்தது. அவளைக் கூப்பிடப் போன கண்ணகி, "தலவலியாம்" என்று சொல்லிக்கொண்டு வந்து சிரித்தாள். தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் அந்தக் கதவின் முன்னால் நின்று, மழைவருது மழைவருது என்று ராகம் போட்டுவிட்டு ஓடின.

அவன் கறியை இலை ஓரத்தில் ஒதுக்கினான். கைகழுவ எழுந்தபோது போன் அதிர்ந்தது. பிரவீணா அனுப்பியிருந்தாள். அவன் சொன்னபடியே ரிப்போர்ட் எழுதியிருந்தாள். காற்றின் திசை திடீரென மாறியதால் கேப்டன் உரிய நேரத்தில் முடிவெடுத்து மீண்டும் மேலே ஏறினார். கீழே ஒரு வரி: 'பாத்துட்டு ஓகே சொல்லுங்க சார், அனுப்பிடறேன்.'

உரிய நேரத்தில் முடிவெடுத்து. அந்த வரியை அவன் மறுபடி படித்தான். அந்தப் பெண் தன் கையால் அறுபத்தெட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டு, அதே கையால் அந்தப் பெருமையை அவன் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதற்கும் ஓகே கேட்கிறாள். கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் தொட்டி ஓரம் போய் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"பிரவீணா, இத அனுப்பாத."

"ஏதாவது மாத்தணுமா சார்?"

"நடந்தது நடந்தபடி எழுது. நீ ரெண்டு தடவ சொன்ன. நான் கேக்கல. நீ வாங்கின. மைக்ல பேசிட்டு லேட்டா எறக்கினேன்னும் எழுது."

மறுமுனையில் ஓட்டல் அறையின் ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது.

"சார், ட்ரெய்னர் போஸ்ட் போயிடும். விசாரணை முடியுற வரைக்கும் ஓட்ட விடமாட்டாங்க."

"போவட்டும்."

"அதையும் எழுதி வச்சிருக்கேன் சார்" என்றாள். குரல் உடைந்தது. "ரெண்டும் எழுதி வச்சிருந்தேன். எத அனுப்புறதுன்னு தெரியாம சாப்பிடக்கூட இல்ல."

"சாப்பிடும்மா" என்றான். "காலையில நீ செஞ்சதுதான் சரி. நான் அப்பவே சொல்லிருக்கணும்." போனை வைத்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கொஞ்சம்தான். பிரவீணாவிடம் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு, அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்களிடம் சொல்வதுதான் பாக்கி, அவர்கள் மாலையோடு காத்திருந்தார்கள்.

வேணுகோபால் மைக்கைப் பிடித்தால் சீக்கிரம் விடுகிறவர் இல்லை. இந்த மண்ணின் மைந்தன் என்றார், வானத்தை அளந்தவன் என்றார். கடைசியில் அந்தக் கூடுதல் சுற்றையும் சொன்னார். தாயையும் தாய்க்கு நிகரானவர்களையும் மகிழ்விக்க இன்னொரு முறை வானத்தைச் சுற்றிக் காட்டிய பண்பு என்று குரலை ஏற்றினார். முன்வரிசையில் ரெங்கம்மாள் மகனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரோஜா மாலை அவன் கழுத்தில் கனத்தது. மைக் அவன் கைக்கு வந்தது.

"அந்தச் சுத்து ஒங்களுக்காக இல்ல" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் தப்பு பண்ணிட்டேன். ஊரக் காட்டுறேன்னு பேசிட்டே இருந்து, எறக்க வேண்டிய நேரத்துல எறக்கல. அப்படியே எறங்கியிருந்தா என்னா ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்த பொண்ணு ரெண்டு தடவ சொல்லியும் கேக்கல. அதுதான் எங்கிட்டேருந்து வாங்கி மேல தூக்குச்சு. அந்தப் பொண்ணு பேரு பிரவீணா. அதுக்குத்தான் நீங்க மாலை போடணும்."

கூடத்தின் பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார். எல்லாரும் தட்டத் தொடங்கினார்கள். வேணுகோபால் கண் கலங்க மைக்கை வாங்கி, "பாத்தீங்களா தன்னடக்கத்த. கூட வேலை பாக்குற பொண்ணுக்குப் பெருமையக் குடுக்குறாரு. இதுதாங்க பெரிய மனுசன்" என்றார். கைதட்டல் கூடியது. கண்ணகி விரலை மடக்கி நெற்றியில் நெட்டி முறித்தாள். அவனுக்கு அழுகை வந்தது. அதையும் நெகிழ்ச்சி என்று போனில் படம் பிடித்தார்கள்.

ரெங்கம்மாள் மட்டும் தட்டவில்லை. எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றாள். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொன்னால் இப்படித்தான் பார்ப்பாள். இன்றைக்கு எது பொய், எது நிஜம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா?"

"நெசந்தாம்மா."

"வேன்ல கேட்டப்ப சிரிச்சியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொளஞ்சிட்ட சொன்னியா?"

"இல்ல."

அவள் அதற்கு மேல் அவனைப் பார்க்கவில்லை. சோறு வைத்திருந்த இடத்துக்குப் போனாள். தூக்குவாளியில் சோறும் கறியும் போட்டு மூடினாள். தெருவைக் கடந்து அந்தப் பச்சைக் கதவைத் தட்டினாள். "கொளஞ்சி, நாந்தான்." இன்னொரு முறை தட்டினாள். கதவு திறக்கவில்லை. தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டு, புதுப்புடவை அழுக்காகும் என்றுகூட நினைக்காமல் வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அறிவரசன் மேடையை விட்டு இறங்கினான். வேணுகோபால் ஏதோ கூப்பிட்டார். கழுத்து மாலையைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நாற்காலியில் வைத்தான். அவன் வருவதைப் பார்த்து ரெங்கம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் கதவுக்கு முன்னால் முழங்காலிட்டான்.

"அத்தை, நான் அறிவு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நானு. காலையிலயே சொல்லிருக்கணும். கேக்குதா அத்தை?"

கூடத்தில் ஒலிபெருக்கி அடுத்ததாகப் பிள்ளைகள் நடனம் என்று அறிவித்தது. அவன் இன்னும் குனிந்தான். தகரக் கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தது. அந்தச் சந்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வருடக்கணக்காகச் சேற்றில் நின்று நகம் கறுத்த பாதங்கள். கதவை ஒட்டி, திறக்கப் போகிறவள் நிற்கிற தூரத்தில், அசையாமல் நின்றுகொண்டிருந்தன.